கோயா வரைந்த காளையும் காலி இருக்கைகளும்

அவையோர்க்கும் கலை அன்பர்களுக்கும் வணக்கம்.

ஸ்பானிய ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1816ஆம் ஆண்டில், தம் எழுபதாவது வயதில், 'லா தௌரோமாக்கியா' என்ற பெயரில் 33 அச்சோவியங்களை மத்ரீத் நகரில் விற்பனைக்கு வைத்தார். ஸ்பெயினின் காளைப்போர் மரபையே பொருளாகக் கொண்ட அந்தத் தொகுதியை அன்று வாங்கியவர் சிலரே. அவற்றுள் 21ஆம் படத்தை மட்டும் உங்களோடு சேர்ந்து நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன்.

மத்ரீத் அரங்கில் ஒரு காளை தடுப்பைத் தாண்டிப் பார்வையாளர் வரிசைக்குள் புகுந்து, டொர்ரெஹோன் ஊர்த் தலைவரைக் குத்திக் கொன்ற நிகழ்ச்சியை அப்படம் காட்டுகிறது. வலப்புறத்தில் மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தப்பி ஓடுகிறார்கள். அங்கேயே, கொம்புகளில் ஓர் உடல் துவண்டு தொங்க, காளை அசையாமல் நிற்கிறது. இடப்புறத்திலோ காலி இருக்கைகளைத் தவிர ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. சற்றுமுன்வரை ஆரவாரித்தவர்கள் உட்கார்ந்திருந்த அந்த இருக்கைகள்தாம், ஓடுகிறவர்களின் முகங்களைவிட அதிகமாக என்னை அச்சுறுத்துகின்றன.

இவ்வகை அச்சோவியத்துக்கு, செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால் கோடுகள் கிடைக்கும். நிழலுக்கோ பிசின் தூளைத் தகட்டின்மேல் தூவிச் சூடுகாட்டி ஒட்டவைத்து, துகள்களுக்கு இடையே அமிலத்தை அரிக்கவிட வேண்டும். அக்வாடிண்ட் எனப்படும் இம்முறையில் கோயாவுக்கு இணையானவர் அரியர். வெறுமையான இடத்தையும் அவர் இப்படி உழைத்தே உருவாக்கினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

1792இன் இறுதியில் தொடங்கிய கடும் நோய் அவருடைய செவிப்புலனை முழுவதுமாகப் பறித்துவிட்டிருந்தது. அரங்கின் கூச்சல் எட்டாத ஒருவரின் கண்ணுக்கே காளையின் நிலையும் கூட்டத்தின் சிதறலும் இவ்வளவு துல்லியமாகப் புலப்பட்டிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தவிர, 1808 முதல் 1814 வரை ஸ்பெயினில் நெப்போலியனின் படைகளோடு நடந்த போரின் கொடுமைகளைச் செப்பில் பதித்த கையும் இதே கைதான். அதனால்தான், காளைப்போரை மிகவும் நேசித்தபோதிலும், அதிலுள்ள சாவை அவர் மறைக்கவில்லை. அவ்விளையாட்டின் இலக்கணம் கூறும் நூல் 1796இல் பெப்பே இய்யோ என்ற வீரரின் பெயரிலேயே வெளிவந்தது. அவரும் 1801இல் மத்ரீத் களத்தில் காளையால் மாண்டார். தொகுதியின் கடைசிப் படமாகக் கோயா வைத்தது அந்த மரணத்தைத்தான்.

பிற்காலத்தில் பிரான்சின் போர்டோ நகரில் குடியேறிய அவர், 1825இல், ஏறத்தாழ எண்பது வயதில், கல்லின்மேல் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சு முறையில் மீண்டும் நான்கு காளைப்போர்க் காட்சிகளை வரைந்தார். பார்வை மங்கியதால் பூதக்கண்ணாடியின் துணையோடு, கல்லை ஓவியத் தாங்கியில் நிறுத்தி வரைந்ததாக அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் மக்கள் இருக்கைகளை விட்டிறங்கிக் களத்துக்குள்ளேயே காளைகளைச் சூழ்ந்து நிற்கிறார்கள்.