வெட்டியது போகட்டும், மாற்றியது?

நேயர்களுக்கு வணக்கம்.

மாயாஜால நாவல் ஒன்று படமாக வந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "புத்தகத்தில் இருப்பதில் பாதிகூட படத்தில் இல்லை" என்பது ஒரு கட்சி. "ஆயிரம் பக்கத்தையும் அப்படியே எடுத்தால் யார் உட்கார்ந்து பார்ப்பது?" என்பது மறு கட்சி. கவனித்துப் பார்த்தால், இரண்டு கட்சியும் எதை விட்டார்கள் என்பதைப் பற்றித்தான் பேசுகின்றன. எனக்கு விட்டதைப் பற்றிப் பெரிய வருத்தம் கிடையாது. வைத்துக்கொண்டதை என்ன செய்தார்கள் என்பதில்தான் என் வழக்கு.

ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த நாவல். பீட்டர் ஜாக்சன் இயக்கிய மூன்று படங்களும் 2001 முதல் ஆண்டுக்கு ஒன்றாக வந்தன. மூன்றாவது படம் 11 பிரிவுகளில் ஆஸ்கருக்குப் போய் 11 விருதுகளையும் வாங்கியது. ஆனால் நாவலின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். முதலில் வரும் பெயர் டாம் பாம்பாடில். பழைய காட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு திரியும் ஒரு விசித்திரமான ஆள். எல்லோரையும் ஆட்டிவைக்கும் அந்த மோதிரத்தை வாங்கி விரலில் போட்டுப் பார்ப்பார், ஒன்றும் ஆகாது, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிடுவார். படத்தில் அவர் இல்லவே இல்லை. படித்தவர்களுக்கு இது ஆறாத மனக்குறை. எனக்கு அந்த அத்தியாயம் பிடிக்கும். ஆனாலும், மோதிரம் எவ்வளவு கொடியது என்று நம்மைப் பயமுறுத்தத் தொடங்கிய நேரத்தில் ஒருவர் அதை வைத்து விளையாடிக் காட்டினால், திரையில் அந்தப் பயம் அங்கேயே கலைந்துவிடும். வெட்டியது சரிதான்.

இப்போது ஃபாரமிரிடம் வருவோம்.

மோதிரத்தை அழிக்கப் போகும் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் வழியில் ஒரு படைத்தலைவனிடம் சிக்கிக்கொள்கிறார்கள். அவன்தான் ஃபாரமிர். மோதிரத்தின் மீது ஆசைப்பட்டு, அதைப் பறிக்க முயன்று, பிறகு உயிரை விட்ட போரோமிரின் தம்பி. நாவலில் இந்தக் காட்சி ஓர் அருவிக்குப் பின்னால் இருக்கும் குகையில் நடக்கிறது. சாப்பாடு போட்டு, நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறான் ஃபாரமிர். ஃப்ரோடோ கொண்டுபோவது என்ன என்று தெரிவதற்கு முன்பே, அது பெருவழியில் கிடந்தாலும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிடுகிறான். பிறகு சாம் வாய் தவறி மோதிரத்தைப் பற்றி உளறிவிடுகிறான். ஃபாரமிர் எழுந்து நிற்கிறான். நமக்கு நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. அண்ணன் செய்ததை இவனும் செய்வானா? செய்யவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுகிறான். சொன்ன சொல்தான் சொல். அவர்களை வழியனுப்பி வைக்கிறான்.

2002-இல் வந்த படத்தில் அதே ஃபாரமிர் இருவரையும் கைதிகளாக இழுத்துக்கொண்டு ஓஸ்கிலியாத் நகரத்துக்குப் போகிறான். மோதிரத்தைத் தந்தையிடம் ஒப்படைத்து நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று நினைக்கிறான். கடைசியில்தான் மனம் மாறி விடுவிக்கிறான்.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாவலில் இரண்டாம் பாகத்தின் முடிவில் வரும் ஷெலாப் என்ற ராட்சதச் சிலந்தியின் குகையை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதனால் இரண்டாவது படத்தில் ஃப்ரோடோவின் பக்கம் உச்சக்கட்டம் இல்லாமல் போனது. அதோடு, எல்லோரையும் மயக்கும் மோதிரத்தை ஒருவன் இவ்வளவு சுலபமாக வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதன் வலிமை என்ன ஆவது என்றும் திரைக்கதை எழுதியவர்கள் வாதிட்டார்கள். பாம்பாடில் விஷயத்தில் நான் ஒப்புக்கொண்ட வாதமேதான். படத்தை முதலில் பார்த்தவர்களுக்குத் தடுமாறி மாறுகிற இந்த ஃபாரமிரைத்தான் பிடிக்கிறது. தந்தையின் அன்புக்கு ஏங்கும் பிள்ளை என்பதால் நெருக்கமாக உணர்கிறார்கள்.

சரி, அப்படியானால் எனக்கு என்ன குறை? பாம்பாடில் மனிதனே அல்ல. மோதிரம் அவரைத் தொடாததில் அவருக்கு ஒரு பெருமையும் இல்லை. ஃபாரமிர் மனிதன். அண்ணனைப் பறிகொடுத்தவன், நாடு தோற்றுக்கொண்டிருக்கிறது, ஆயுதம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த நிலையிலும் ஒரு மனிதனால் வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதுதான் அந்த உலகத்தின் நம்பிக்கை. அதை எடுத்துவிட்டால் போரோமிரின் வீழ்ச்சிகூட வெறும் விதியாகிவிடுகிறது. தம்பி வேறு வழியில் போனதால்தானே அண்ணனும் போயிருக்கலாம் என்று நமக்கு வலித்தது. நம்மைப் போன்றவர்களின் உலகில் நடக்கும் கதை என்றால் இப்படி ஒரு மாற்றத்தைத் தாங்கிக்கொள்ளும். மாயாஜாலக் கதைக்கு அதன் சட்டங்கள்தான் தரை.

இதில் சுவையான விஷயம், டோல்கீனே கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் நின்றார். 1950-களின் இறுதியில் ஒரு படத் தயாரிப்பு முயற்சிக்காக எழுதப்பட்ட திரைக்கதைச் சுருக்கத்தைப் படித்துவிட்டு, வரிக்கு வரி கோபத்துடன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர், நடமாடும் மரங்களான என்ட்டுகள், இரண்டையும் உருப்படியாகக் காட்ட இடமில்லை என்றால் ஒன்றை முழுவதுமாக எடுத்துவிடலாம், எடுக்க வேண்டியது போரைத்தான் என்றார். ஜாக்சனின் இரண்டாவது படத்தில் எல்லோரும் வாய் பிளந்து பார்த்தது எந்தக் காட்சியை? மழையில் நடக்கும் அதே கோட்டைப் போரை! டோல்கீனின் மகன் கிறிஸ்டஃபர் 2012-இல் ஒரு பேட்டியில், 15 முதல் 25 வயதுக்காரர்களுக்கான அதிரடிப் படமாக்கிவிட்டார்கள் என்று கசந்துகொண்டார். அவ்வளவு கடுமை எனக்கு இல்லை. போரோமிரின் மரணம் ஒன்று போதும். நாவலில் சண்டை முடிந்த பிறகுதான் அவனுடைய தோழன் அரகோர்ன் வந்து சேர்கிறான். படத்தில் ஒவ்வொரு அம்பும் பாய்வதைப் பார்க்கிறோம். அந்த இடத்தில் படம் நாவலை முந்திவிடுகிறது என்றே சொல்வேன்.

ஹாரி பாட்டரில் மாற்றம் வேறு மாதிரி நடந்தது. ஒரே வெட்டாக இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாவது கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாழடைந்த வீட்டில், கொலைகாரன் என்று எல்லோரும் நம்பும் சிரியஸ் பிளாக் எதிரே நிற்கிறான். நாவலில் ஹாரியின் நண்பன் ரான் கால் உடைந்த நிலையில், ஹாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஹாரியைக் கொல்ல வேண்டுமானால் எங்களையும் கொல்ல வேண்டியிருக்கும் என்கிறான். 2004 படத்தில் இந்த வசனம் அவர்களுடைய தோழி ஹெர்மயனியின் வாயில் வருகிறது. ரான் வலியில் முனகுகிறான். அதே கதையில், வகுப்பில் ஆசிரியர் ஸ்னேப் ஹெர்மயனியை மட்டம் தட்டும்போது நாவலின் ரான் எகிறிக் கேட்கிறான், தண்டனையும் வாங்கிக்கொள்கிறான். படத்தின் ரான், ஆசிரியர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுபோல முணுமுணுக்கிறான். எட்டுப் படங்களில் ஏழுக்குத் திரைக்கதை எழுதிய ஸ்டீவ் க்ளோவ்ஸ், தனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஹெர்மயனி என்று வெளிப்படையாகச் சொன்னவர். பிடித்த பிள்ளைக்குக் கூடுதலாகப் பரிமாறியிருக்கிறார், ரானின் தட்டிலிருந்து எடுத்து. படத்தை மட்டும் பார்த்தவர்கள், ஹெர்மயனி போயும் போயும் இவனை ஏன் காதலித்தாள் என்று கேட்பதில் தப்பே இல்லை.

கதையின் வில்லன் வோல்டமோர்ட்டின் சாவையும் சொல்ல வேண்டும். நாவலில் பள்ளியின் பெரிய கூடத்தில், எல்லோர் கண்முன்னும், சாதாரண மனிதப் பிணமாக விழுகிறான். சாவுக்குப் பயந்து உயிரைத் துண்டு துண்டாக்கி ஒளித்துவைத்தவனுக்கு அதைவிடப் பொருத்தமான முடிவு எது? 2011 படத்தில் ஆளில்லாத முற்றத்தில் சருகுபோல உதிர்ந்து காற்றில் பறக்கிறான். பார்க்க அழகு. ஆனால் கடைசிவரை அவன் சாதாரண மனிதன் ஆகவே இல்லை.

எழுத்தாளர்களும் ஒரே மாதிரி இல்லை. 'முடிவில்லாக் கதை' எழுதிய ஜெர்மானியர் மிகயேல் எண்டே, 1984-இல் வந்த படத்தை எதிர்த்து நீதிமன்றம்வரை போய்த் தோற்றார். அர்சுலா லெ குவின் தன் எர்த்ஸீ உலகத்தில் பெரும்பாலோரைப் பழுப்பு, கருநிறத்தவராக எழுதியிருந்தார். 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் நாயகனை வெள்ளையனாக்கியபோது பகிரங்கமாகக் கண்டித்து எழுதினார். டயானா வின் ஜோன்ஸோ, தன் 'ஹௌல்ஸ் மூவிங் காஸில்' நாவலை ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி தன் விருப்பம்போல மாற்றி, இல்லாத ஒரு பெரும் போரையே கொண்டுவந்தும் ரசித்தார். என் வழக்குக்கு இது இடிக்கிறது, தெரிகிறது. மியாசாகி அந்த நாவலின் உலகத்தைச் சுருக்காமல் அதன் பக்கத்தில் இன்னொன்றைக் கட்டினார், அதனால் எனக்குக் கோபம் வரவில்லை என்று வேண்டுமானால் சமாளிக்கிறேன்.

நேரம் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும், தொடராக எடுக்கட்டும் என்கிறார்கள். ஹாரி பாட்டரை ஒரு புத்தகத்துக்கு ஒரு பருவம் என்று தொடராக்கும் திட்டம் 2023-இல் அறிவிக்கப்பட்டது. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நேரம் தாராளமாகக் கிடைத்த படத்துக்கு என்ன ஆனது என்று டோல்கீனின் இன்னொரு நாவலான 'ஹாபிட்'டில் பார்த்துவிட்டோம். சுமார் 300 பக்க நாவலுக்கு மூன்று படங்கள். நாவலில் இல்லாத ஒரு பெண் வீராங்கனை, அவளுக்கு ஒரு காதல். குறைத்துவிட்டார்கள் என்று முன்பு அழுத ரசிகர்களே, மூன்றையும் வெட்டிச் சேர்த்து ஒரே படமாக்கித் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள்.

எதை முதலில் பார்ப்பது, படிப்பது என்று கேட்பவர்களுக்கு: 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படத்தை முதலில் பார்க்கலாம், ஃபாரமிர் பிறகு நாவலில் உங்களை ஆச்சரியப்படுத்துவான். ஹாரி பாட்டரின் மூன்றாவது கதையைப் படித்துவிட்டுப் பாருங்கள், அதில் ஹாரிக்குக் கிடைக்கும் மாய வரைபடத்தை வரைந்தது யார் என்று படம் சொல்லவே இல்லை. 'ஹாபிட்'டுக்குப் புத்தகம் மட்டும் போதும். மூன்று படங்களும் சேர்ந்து எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதற்குள் படித்தே முடித்துவிடலாம்.

நன்றி, வணக்கம்.