மனநல மையத்தின் வரைபடத்தை எங்கிருந்து தொடங்குவது?

கட்டடக்கலை பயிலும் நண்பர்களே,

மனநல மையம் ஒன்றை வரையச் சொன்னால் நம்மில் பலருடைய கை முதலில் சுற்றுச்சுவரையும் காவலர் அறையையும்தான் வரைகிறது. வருபவரை அஞ்சத்தக்கவராகக் கருதும் பழக்கத்தின் முடிவு என்ன என்பதை ஏர்வாடி நமக்குக் காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றிக் கருகினர். அத்தீ 28 உயிர்களைப் பறித்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை அறவே தடை செய்கிறது. அதன் 20ஆம் பிரிவைக் கட்டடக் கலைஞர்கள் அனைவரும் படிக்க வேண்டுமென்பது என் வேண்டுகோள். விரும்பினால் சொந்த உடையை அணியலாம் என்கிறது அப்பிரிவு. அப்படியானால், அந்த உடையை வைத்துப் பூட்டிக்கொள்ள ஆளுக்கோர் அலமாரி வேண்டும். துவைக்கக் கல்லும், உலர்த்த வெயில் விழும் முற்றமும் வேண்டும். அந்தரங்கத்துக்கு உரிமை உண்டு என்கிறது. அப்படியானால் குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும், ஆபத்து நேரத்தில் பணியாளர் வெளியிலிருந்து திறக்கக்கூடிய வகையில். பெண்களின் மாதவிடாய்க்காலத் தூய்மைக்கான வசதியையும் சட்டம் குறிப்பிடுகிறது. கழிவறையைக் கட்டடத்தின் கடைக்கோடியில் இருட்டு மூலைக்குத் தள்ளும் வரைபடம் இந்த உரிமையை மறுக்கிறது.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஃபிராங்கோ பசாலியா 1971இல் பெரிய மனநல மருத்துவமனை ஒன்றின் இயக்குநரானார். பூட்டிய வார்டுகளைத் திறந்து, அங்கிருந்தவர்களை ஊருக்குள் வாழ அனுப்பும் பணியைத் தொடங்கினார். அவர்களுக்கென ஊருக்குள்ளேயே உருவான மையங்கள் இரவும் பகலும் இயங்குபவை. ஒவ்வொன்றிலும் ஒரு சில படுக்கைகள் மட்டுமே உண்டு. அளவு சிறிதாக இருப்பதையே இவற்றின் பெரிய சிறப்பாக நான் கருதுகிறேன். நூறு பேர் படுக்கும் கூடத்தில் ஒருவர் பெயரிழந்து எண்ணாகிவிடுகிறார். ஆறேழு பேர் இருக்கும் வீட்டில், யார் இன்று சாப்பிடவில்லை என்பது சமைப்பவருக்கே தெரிந்துவிடும்.

நம் ஊர்களில் பெரும்பாலோர் தங்குவதற்கு வருவதில்லை. மாத்திரை வாங்கவும் மருத்துவரிடம் பேசவும் குடும்பத்தோடு வருகிறார்கள். ஆகவே காத்திருக்கும் இடத்துக்குத்தான் நாம் அதிகம் மெனக்கெட வேண்டும். எதிரெதிரே முகம் பார்த்து உட்காரவைக்கும் பெஞ்சுகளும், பெயரை உரக்கக் கூவும் வழக்கமும், எதிரொலிக்கும் தகரக் கூரையும் ஏற்கெனவே காதில் குரல்கள் கேட்டுத் தவிப்பவருக்குப் பெருந்துன்பம். மரத்தைப் பார்த்த திண்ணை, எழுந்து நடக்க இடம், பேச்சு வெளியே கேட்காத ஆலோசனை அறை, அவ்வறைக்குள் வாசலை இருவரும் எளிதில் எட்டக்கூடியபடி இருக்கைகள் ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. 1984இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களைப் பற்றியது. ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்று அது காட்டியது. மனம் நொந்தவருக்கு மரத்தின் காட்சி அதைவிடக் குறைவாகவா தேவைப்படும்?

பாதுகாப்பு என்னாவது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தற்கொலை எண்ணம் உள்ளவர் தங்கும் அறையில் கயிறு மாட்ட இடம் தரும் கொக்கியோ குழாயோ இருக்கக் கூடாது. அதற்காகக் கட்டடம் முழுவதற்கும் கம்பி அடிப்பது சோம்பல்.

கடைக்கால் தோண்டுமுன் மனையில் சுண்ணாம்புக் கோடு போடுவோம் அல்லவா? அன்று சிகிச்சை பெற்றவர்களையும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் அம்மா, அண்ணன்மாரையும் அழைத்து, அந்தக் கோடுகளுக்குள் நடக்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில் கோட்டை அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்.