எழுத்தின் கண்

நேயர்களுக்கு வணக்கம். நான் பாளையங்கோட்டைக்காரி. கிராஃபிக் டிசைன் கடைசி வருடம் படிக்கிறேன். படிப்பைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் அழைத்தார்கள். எனக்கு வகுப்புக்கு வெளியே, நம் பக்கத்து ஊர்களில், பழைய தாள்களில் கிடைத்த பாடத்தைச் சொல்லலாம் என்று தோன்றியது.

வகுப்பில் ஒரு வேலை கொடுத்தால் எல்லோரும் முதலில் போனைத்தான் எடுக்கிறோம். நானும் முதல் வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தேன். திரையில் ஆயிரம் போஸ்டர் பார்க்கலாம். ஆனால் அங்கே எல்லாமே ஒரே அளவு. உள்ளங்கைப் புத்தகமும் சரி, ஆள் உட்காரும் முதுமக்கள் தாழியும் சரி, அதே ஆறு அங்குலத்துக்குள் வந்துவிடும். காகிதம் சொரசொரப்பா வழவழப்பா என்று தெரியாது. மை எவ்வளவு ஊறியிருக்கிறது என்று தெரியாது.

இதை எனக்குப் புரியவைத்தது ஒரு கல்யாணப் பத்திரிகை. பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு நான்தான் வடிவமைத்தேன். அரக்கு நிறப் பின்னணி, அதன்மேல் மெல்லிய வெள்ளை எழுத்து. கம்ப்யூட்டரில் அவ்வளவு அழகாக இருந்தது. அச்சாகி வந்தபோது முகூர்த்த நேரம் இருந்த வரியைப் படிக்க முடியவில்லை. ‘காலை’ என்ற சொல்லில் லகரத்துக்கு முன்னால் நிற்கும் அந்த இரண்டு சுழியும் மை அடைத்து, இரண்டு பொட்டாக நின்றன. வீட்டில் யாரும் திட்டவில்லை. எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அச்சகத்து அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, கையடக்க லென்ஸ் ஒன்றைத் தந்து, “இதுக்குள்ள பாரும்மா” என்றார். பார்த்தேன். அரக்கு நிறம் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. மெஜந்தா புள்ளி, மஞ்சள் புள்ளி, கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். நான்கு நிற அச்சில் ஒவ்வொரு நிறத்தின் புள்ளிகளையும் ஒவ்வொரு சாய்வில் வைப்பார்கள். வழக்கமாகக் கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, நீலம் 15, மஞ்சள் 90. எல்லாம் சரியாக உட்கார்ந்தால் சின்னச் சின்னப் பூப் போலத் தெரியும். மூன்று நிறத்துக்கு நடுவே மயிரிழை வெள்ளையை விட்டால், ஒரு நிறம் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த வெள்ளையை விழுங்கிவிடும். போதாததற்குக் காகிதத்தில் பட்டதும் புள்ளி சற்றுப் பெருக்கும். “எழுத்துக்கு உள்ள ஒரு கண்ணு இருக்குல்லா, அது தொறந்திருக்கணும்” என்றார் அண்ணாச்சி. சுழியின் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத்தான் அவர் கண் என்றார். அந்த வார்த்தை என்னோடேயே வந்துவிட்டது. அப்புறம் நான் எதைப் பார்த்தாலும் முதலில் எழுத்தின் கண்ணைத்தான் பார்க்கிறேன்.

ஆச்சி வீட்டுப் பெட்டியில் அவளுடைய கல்யாணப் பத்திரிகை இருந்தது. மஞ்சள் தாள், ஒரே ஒரு நிறத்தில் ஈய எழுத்து அச்சு. அதிலும் ‘காலை’ இருந்தது. ஆனால் அந்த ‘லை’ யானைத் துதிக்கை போல மேலே வளைந்த பழைய ‘லை’. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது மாறிய வடிவங்களில் அதுவும் ஒன்று. தாளைத் திருப்பித் தடவினால் எழுத்து பதிந்த மேடு விரலில் படுகிறது. இத்தனை வருடம் கழித்தும் ஒரு கண்கூட அடைபடவில்லை.

அதே வீட்டுப் பூஜை அறையில் சட்டம் போட்ட ஒரு லட்சுமி படம். காலண்டரிலிருந்து வெட்டியது. கீழே கடைப் பெயரை வெட்டியதில் எழுத்துகளின் தலை மட்டும் மிச்சம். ‘ஸ்டோர்ஸ்’ என்று அந்தத் தலைகளை வைத்தே படிக்க முடிந்தது. இந்த மாதிரிப் படங்களைப் பற்றிப் பேசினால் கோவில்பட்டியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1898-ல் பிறந்த ஓவியர் கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்து ஊர் ஊராகப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தபோது அங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, எத்தனையோ வீட்டுச் சுவர்களுக்குப் போயின. 1976-ல் அவர் காலமானார். அந்தப் படங்களை லென்ஸ் இல்லாமல், அறையின் மறு கோடியில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் தூண், பின்னால் திரை, நடுவில் நம்மை நேராகப் பார்க்கும் முகம். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் தெரியவேண்டும் என்று படுதா வரைந்த கை அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காலண்டர் படம் என்று நாம் தள்ளிவிடுகிறோமே, அதில் இருக்கிற பாடம் எந்த வகுப்பிலும் குறைந்ததில்லை.

ஆதிச்சநல்லூருக்கும் போனேன். அகழாய்வுக் குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கும்படி 2023-ல் திறந்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே தாழி இருக்கும்போது நடை தானாகவே மெதுவாகிறது. நம் தாமிரபரணிக் கரையில் கிடைத்த பானைகளில் கீறல் குறிகள் உண்டு. சுட்ட பானையில் கூரிய முனையால் கீறும்போது வளைவு சுலபத்தில் வராது. அதனால்தானோ என்னவோ, பல குறிகள் நேர்கோடாகவும் முக்கோணமாகவும் நிற்கின்றன. ஓலையில் இது தலைகீழ். நேர்கோட்டை நரம்பின் போக்கில் இழுத்தால் ஓலை கிழியும், அதனால் எழுத்து உருண்டது என்பார்கள்.

ஈயம் வந்தபோதும் நம் கரை அருகில்தான் இருந்தது. போர்ச்சுக்கல்லிலிருந்து வந்த பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கக் கிறிஸ்தவச் சிறு நூல். முத்துக்குளித்துறை மக்கள்தான் பணம் கொடுத்தார்கள். 1586-ல் ‘அடியார் வரலாறு’ தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலிலேயே அச்சானது என்று சொல்கிறார்கள். ‘தம்பிரான் வணக்க’த்தின் பக்கப் படங்களைக் கிட்டத்தட்ட அசல் அளவில் அச்செடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் கோவாவில் 1577-ல் வார்த்த எழுத்தையும், கொல்லத்தில் 1578-ல் வார்த்த எழுத்தையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு தடவை வார்த்ததோடு விடவில்லை அவர்கள். திரும்பவும் வார்த்தார்கள். அந்தப் பக்கத்தை என் மேசைக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆனித் திருவிழாப் பொருட்காட்சி, புத்தகத் திருவிழா எல்லாவற்றுக்கும் போகிறேன். புத்தகத் திருவிழாவில் அட்டையைவிட முதுகைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன். அலமாரியில் நிற்கப்போவது அதுதானே. நேரம் இருந்தால் திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களை அனுமதி பெற்றுப் பாருங்கள். நிலை நிலையாக ஏறிப் பார்க்கிற கண்காட்சி அது. குதிரைகள் ஏற்றிய கப்பல் ஒன்றும் அதில் உண்டு.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கற்றுக்கொடுத்த இடம் பத்தமடை. கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரைப் பின்னித் தருவார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். கோரையை ஊறவைத்து, மெலிதாகக் கீறி, சாயம் ஏற்றி, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கொடுத்து நெய்கிறார்கள். பாயில் வளைவு கிடையாது. பாவு ஒரு பக்கம், கோரை ஒரு பக்கம், எல்லாம் கட்டம். ‘கோமதி’ என்று ஒரு அக்கா நெய்துகொண்டிருந்தார். ‘ம’ சுலபமாக வந்தது. ‘தி’யின் கொக்கிக்கு வரும்போது கையை நிறுத்தி, உதடு அசைய இழை எண்ணினார். வளைவு படிப்படியாக இறங்கியது. பக்கத்தில் பார்த்தால் வெறும் படிக்கட்டு. நான் எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். உருண்டையாக ‘தி’ தெரிந்தது.

“அக்கா, ‘லை’ வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். “நடுவுல ரெண்டு இழையாவது வெள்ளையா விடணும்மா, இல்லன்னா பேரு மூடிப்போவும்” என்றார். லென்ஸைக் கொடுத்த அண்ணாச்சியை அவருக்குத் தெரியாது.

என் கடைசி வருட வேலையாக இப்போது ஒரு தமிழ் எழுத்துரு வரைகிறேன். கட்டத் தாளில், பாய்க் கணக்கில். உயிரெழுத்து பன்னிரண்டும் முடிந்தது. ‘லை’யின் இரண்டு சுழிக்கும் இரண்டிரண்டு இழை விட்டு ஏழு தடவை வரைந்துவிட்டேன். ஏழாவதைச் சின்ன அளவில் அச்செடுத்து லென்ஸில் பார்த்தேன். கண் திறந்திருக்கிறது. அடுத்த வாரம் அந்தத் தாளோடு பத்தமடைக்குப் போகிறேன், அக்கா அதை நெய்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

வணக்கம்.