மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பழைய பவுண்டு

வணக்கம், நேயர்களே. மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு கிராமத்தில், கூரை போன நான்கு செங்கல் சுவர்களுக்கு நடுவே நின்று பேசுகிறேன். பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைத்துவைத்த இடம் இது. ஊரார் இதை இன்றும் பவுண்டு என்றுதான் சொல்கிறார்கள். வயதானவர்கள் சிலர் பட்டி என்பார்கள்.

இங்கே அடைபட்ட மாடுகளை யாரும் இரக்கப்பட்டுக் கொண்டுவரவில்லை. நம் டெல்டாவில் வயலுக்கு வேலி கிடையாது, வரப்புதான் எல்லை. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காய்வதற்குள், நிற்கும் நெல்லுக்கிடையில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவது இங்குள்ள வழக்கம். அதனால் வெறும் தாள் நிற்பதாகத் தோன்றும் வயலிலும் தை மாதத்தில் இன்னொரு பயிர் முளைத்திருக்கும். அவிழ்த்துவிட்ட மாடுகள் அதில் இறங்கினால் ஒரு காலைப்பொழுதிலேயே ஒரு குடும்பத்தின் உளுந்து போய்விடும். அந்தத் தகராறு கைகலப்பாக முற்றாமல் இருக்க ஏற்பட்ட இடம்தான் இது.

1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி, பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் அதைப் பவுண்டுக்கு அனுப்ப வேண்டும். மாட்டுக்கு நாலணா, ஆட்டுக்கு ஓரணா என்று அன்று அபராதம் வைத்தார்கள். யானைக்கு இரண்டு ரூபாய். அதைப் பிடித்துக்கொண்டு வருபவரை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அபராதத்தையும் தீனிச் செலவையும் கட்டி உடையவர் மீட்காவிட்டால், அறிவிப்புக்குப் பிறகு மாடு ஏலத்துக்குப் போகும்.

பயிருக்காக எழுதப்பட்ட அதே சட்டம், அடைத்த மாட்டுக்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது பவுண்டுக்காரரின் கடமை என்றும் சொல்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து 1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம், வளர்த்த விலங்கைக் காரணமின்றிக் கைவிடுவதையே குற்றமாக்கியது. நோயுற்ற விலங்குகளுக்குச் சிகிச்சை நிலையங்கள் அமைக்கவும் வழிசெய்தது. காப்பகம் என்று நாம் இன்று சொல்வதற்கு இந்த இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து: பயிர்க்காரருக்கு நியாயம், மாட்டுக்குத் தீனி.

டிராக்டர் வந்த பிறகு உழவு மாட்டுக்கு வேலை போய்விட்டது. வயதான மாடுகளும் காளைக்கன்றுகளும் இரவில் நெடுஞ்சாலையிலேயே படுத்துக்கிடக்கின்றன. அவற்றுக்குக் காப்பகமாக இந்தச் சுவர்களுக்குக் கூரை போடுவது பெரிய காரியமல்ல. வைக்கோல்தான் சிக்கல். முன்பு வீட்டுக்கு வீடு வைக்கோல்போர் இருந்தது. இப்போது இயந்திரம் கட்டிய வைக்கோல் கட்டுகள் களத்திலிருந்தே லாரி ஏறி வெளியூர் போகின்றன. ஆகவே நன்கொடை உண்டியலுக்கு முன்பாக, வரும் அறுவடையில் ஒரு மா நிலத்துக்கு ஒரு கட்டு வைக்கோல் பவுண்டுக்கு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்யும்படி கேட்கப்போகிறேன்.