வந்தவரிடம் எதைச் சொல்வது?

(புதுக்கோட்டையில் ஊர்ப் பெரியோரும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

வெளியூர்க்காரர் ஒருவர் நம் பேருந்து நிலையத்தில் இறங்கி, தேநீர்க் கடையில் நின்றபடி, "உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சொல்லும் விடை ஒன்றுதான்: "இங்க என்னங்க இருக்கு, தஞ்சாவூர் போங்க, இல்லேன்னா மதுரைக்குப் போங்க." அடக்கத்தினால் சொல்கிறோமா, அறியாமையினால் சொல்கிறோமா என்று நான் ஆராயப் போவதில்லை. இதற்கு நேர்மாறான இன்னொரு கூட்டமும் உண்டு. அவர்கள் ஒரே மூச்சில் இருபது இடங்களின் பெயரை ஒப்பித்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று சத்தியமும் செய்வார்கள். வந்தவருக்கு இந்த இரண்டு விடையும் உதவுவதில்லை. என்ன சொன்னால் உதவும் என்பதே இன்றைய பேச்சு.

வழிப்போக்கருக்கு வழி சொன்ன பழைய மனிதர் ஒருவரைச் சிலப்பதிகாரத்தில் காண்கிறோம். உறையூரை விட்டு மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும், வழியில் மாங்காட்டு மறையவர் ஒருவரைச் சந்திக்கிறார்கள். மதுரைக்கு வழி எது என்று கோவலன் கேட்டதும் அவர் முதலில் பேசுவது காலத்தைப் பற்றித்தான். இந்தக் கடும் வேனிலில் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்பட்டீர்களே என்கிறார். முல்லையும் குறிஞ்சியும் முறைமையில் திரிந்து பாலை என்பதோர் படிவம் கொள்ளும் என்ற புகழ்பெற்ற அடிகள் அவர் வாயிலிருந்து வருபவை. அதன்பின், கொடும்பை என்னும் ஊரின் நெடுங்குளக் கரையை அடைந்தால் அங்கே வழி மூன்றாகப் பிரியும் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் என்ன வரும், எங்கே ஆபத்து என்று விரிக்கிறார். அந்தக் கொடும்பை நம் மாவட்டத்துக் கொடும்பாளூர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அவர் முதலில் பருவத்தைச் சொன்னார், பிறகு வழியைச் சொன்னார், காட்சிகளைக் கடைசியில்தான் சொன்னார். இந்த வரிசையைத்தான் நாம் மறந்துவிட்டோம். ஒரு குறையும் அவரிடம் இருந்தது. இடப்பக்கத்து வழியிலுள்ள திருமால்குன்றத்துப் பிலம் என்னும் குகையையும் பொய்கைகளையும் அவற்றில் மூழ்கினால் கிடைக்கும் பேறுகளையும் அவர் நீட்டிக்கொண்டே போக, அவை எங்களுக்கு வேண்டியதில்லை என்று கவுந்தியடிகள் பணிவாகவே முடித்து வைக்கிறார். விருந்தினருக்கு எது வேண்டாம் என்று அறிவதும் வழிகாட்டுவதில் ஒரு பகுதிதான்.

நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வடக்கே வேலை பார்த்த நண்பர் ஒருவர் சித்திரை மாதத்தில் இங்கே வந்திருந்தார். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலைக்குள் ஐந்து இடங்களைக் காட்டிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. ஊர் திரும்பி அவர் எழுதிய கடிதத்தில் ஐந்தில் ஒன்றின் பெயரும் இல்லை. கீரனூர்ச் சாலையோரத்தில் குடித்த இளநீரை மட்டும் அரைப் பக்கம் புகழ்ந்திருந்தார்.

ஆகவே முதலில் பருவம். நம்முடையது வானம் பார்த்த பூமி; பெரிய ஆற்றுப் பாசனம் இல்லாமல், ஏரியும் கண்மாயும் நம்பிப் பிழைத்த நாடு. இங்கே பார்க்கத்தக்கவற்றில் பெரும்பாலானவை மொட்டைப் பாறைகளின் மேலும் பாறைகளுக்குள்ளும் இருக்கின்றன. பங்குனி தொடங்கி ஆடி வரைக்கும் நண்பகலில் அந்தப் பாறை அடுப்புக் கல்லாகக் காயும். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிய விருந்தினர் தத்தளித்து ஓடுவதைப் பார்த்துச் சிரிப்பது நமக்கு அழகல்ல. மார்கழியிலிருந்து மாசி வரை வரச் சொல்லுங்கள். மழைக்குப் பின் சுனைகளில் தண்ணீரும் இருக்கும்.

அடுத்து, நாளின் எந்தப் பொழுதில் எங்கே நிற்பது என்பது. இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். நார்த்தாமலைக்கு அவரைக் காலையில் அனுப்பாதீர்கள்; மாலை நான்கு மணிக்கு மலையடியில் இருக்கும்படி அனுப்புங்கள். மேலமலையின் சரிவில் ஏறினால், மரமில்லாத பாறைப் பரப்பின் நடுவே மேற்குப் பார்த்த கோயிலொன்று தனியாக நிற்கிறது. விசயாலய சோழீசுவரம் என்பது அதன் பெயர். பெயர் சோழனுடையது, கட்டியவனாகக் கல்வெட்டு சொல்வது இளங்கோவதியரையன் என்ற முத்தரையர் தலைவனை. மழையில் இடிந்துபோனதை மல்லன் விடுமன் என்பவன் புதுக்கினான் என்றும் துவாரபாலகரின் அடியிலுள்ள எழுத்து சொல்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் இந்தக் கோயிலில் கருவறை வட்டமாகவும், அதைச் சூழ்ந்த வெளிச்சுவர் சதுரமாகவும் இருப்பதை உள்ளே போய்ப் பார்த்தால்தான் உணர முடியும். சுற்றிலும் இருந்த எட்டுச் சிற்றாலயங்களில் ஆறு எஞ்சியிருக்கின்றன. மேற்கே இறங்கும் வெயில் நேராக முகப்பில் விழும்போது, சாம்பல் நிறமாகத் தெரிந்த கல் மெல்லச் செம்மஞ்சளாக மாறும். அந்த அரை மணி நேரத்துக்காகவே விருந்தினரை நான் அங்கே அழைத்துப் போகிறேன், இடையில் வாய் திறப்பதில்லை.

கோயிலுக்கு எதிரே பாறையைக் குடைந்த இரண்டு குடைவரைகள் உண்டு. ஒன்று பழியிலி ஈசுவரம். மற்றொன்றைச் சமணர் குடகு என்று ஊரார் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே போனால் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தது போன்ற பன்னிரண்டு திருமால் உருவங்கள் சுவரை ஒட்டி நிற்கின்றன. பெயரில் சமணமும் உள்ளே வைணவமும் எதிரே சைவமுமாக ஒரே பாறை மூன்றையும் தாங்கியிருக்கிறது. "இது எப்படி?" என்று விருந்தினர் தாமாகவே கேட்பார், அவர் கேட்கும்வரை நாம் சொல்லாதிருப்பதே நல்லது. இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பதை மட்டும் முன்பே சொல்லி வையுங்கள்.

சித்தன்னவாசலுக்கு ஒரு முழு முற்பகலும், முடிந்தால் பிற்பகலின் ஒரு பகுதியும் வேண்டும். நகரிலிருந்து அன்னவாசல் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வருகிறவர்கள் எல்லோரும் நேராக ஓவியத்துக்குப் போய், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று இறங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓவியத்தில் பெரும்பகுதி உதிர்ந்துபோய்விட்டது. புத்தகத்தில் அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு ஏமாற்றம் இயல்பானது. அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். காலை வெயில் ஏறுமுன் ஏழடிப்பட்டத்துக்கு ஏறட்டும். மலையின் மறுபுறத்தில், பாறையில் வெட்டிய ஏழு குழிகளையே படியாகக் கொண்டு போய்ச் சேரும் இயற்கைக் குகை அது. அங்கே பதினேழு கற்படுக்கைகள், தலையணை போன்ற மேட்டுடன், தொட்டால் வழுக்கும் அளவுக்கு மெருகேற்றப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றில் கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக இளயர் என்பவர் செய்த இருக்கை என்பது அதன் பொருள். ஊரை விட்டு, உணவைக் குறைத்து, இந்தக் கல்லின் மேல் உடம்பைக் கிடத்தியவர்களின் இடத்தைப் பார்த்த பிறகு, ஓவியமுள்ள குடைவரையான அறிவர் கோயிலுக்கு இறங்கி வந்தால், கூரையில் எழுதிய தாமரைக் குளம் வேறாகத் தெரியும்.

குளத்தில் மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும் இருக்கின்றன. தாமரை பறிக்கும் ஆடவர் இருக்கிறார்கள். தீர்த்தங்கரர் அருளுரை வழங்கும் அவையாகச் சமணர் சொல்லும் சமவசரணத்தில், அதைக் கேட்கப் போகும் வழியில் அடியார்கள் இறங்கிப் பூப்பறிக்கும் குளம் அது என்று அறிஞர் விளக்குவர். விளக்கத்தைப் பிறகு சொல்லுங்கள். முதலில் எருமையைக் காட்டுங்கள். நம் கண்மாயில் மூக்கு மட்டும் தெரியக் கிடக்கும் அதே எருமை. முன்தூண்களில் ஆடும் பெண்களின் கை வீச்சை அடுத்துக் காட்டலாம். இந்த ஓவியங்கள் மகேந்திர பல்லவன் காலத்தவை என்றுதான் நான் பள்ளியில் படித்தேன். பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைப் புதுக்கினார் என்று அங்கேயே உள்ள கல்வெட்டு சொல்வதால், இன்று நாம் காணும் வண்ணங்கள் ஒன்பதாம் நூற்றாண்டினவை என்பதே இப்போது பலரும் ஏற்கும் முடிவு. கருவறைக்குள் நின்று வாயை மூடி ஒரு முனகல் எழுப்பினால் நாற்புறமும் அது திரும்பி வந்து சூழும். சிறுவர்களுக்கு ஓவியத்தைவிட இதுதான் பிடிக்கும், பிடிக்கட்டும். படமெடுக்கும் ஆசையில் பாறைச் சுவரில் சாய வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள். தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போன நம்மூர்க்காரர்களின் கைவண்ணமும் அந்த மலையில் உண்டு. அதைக் காணும்போது எனக்கு வரும் கோபத்தை மேடையில் சொல்வது நாகரிகமாகாது.

குடுமியான்மலையை எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். வந்தவர் இசை அறிந்தவரானால், வேறெதையும் விட்டுவிட்டு முதலில் அங்கேதான் அனுப்புவேன். சிகாநாதர் கோயில் மண்டபத்தின் சிற்பங்கள் எவரையும் நிறுத்திவிடும். பத்துத் தலை இராவணனையும் இரதி மன்மதனையும் பார்க்க முன்னறிவு தேவையில்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னே, மேலைக்கோயில் குடைவரையை அடுத்த பாறையில் 38 வரிகளில் வெட்டப்பட்டிருக்கும் இசைக் கல்வெட்டு வேறு வகை. ஏழு பிரிவுகளாக, ஏழு பண்வகைகளுக்குரிய சுரக்கோவைகள் பழைய கிரந்த எழுத்தில் இருக்கின்றன. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமான ஓர் அரசன் மாணவர் நலனுக்காகச் செய்தது என்று முடிவில் வருகிறது. அரசனின் பெயர் இல்லை. அதன் கீழே, எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய என்று தமிழில் ஒரு குறிப்பு. அந்த எட்டும் ஏழும் எவை என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஒரு முறை வீணை வாசிக்கும் அம்மையார் ஒருவரை அழைத்துச் சென்றிருந்தேன். எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் ஒரு வரியை எழுத்துக் கூட்டிச் சொல்ல, அவர் அந்தப் பாறை முன் நின்று மெல்லிய குரலில் அதைப் பாடிப் பார்த்தார். எந்தச் சுரம் எப்படி ஒலித்ததென்று இன்று யாரால் சொல்ல முடியும்? ஆயினும் அவர் அங்கிருந்து கிளம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.

திருமயத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது காரைக்குடிச் சாலையில் தானே தெரிவது. சேதுபதி 1687இல் கட்டிய கோட்டையின் மேல் ஏறினால் சுற்று வட்டாரத்துக் கண்மாய்கள் எல்லாம் தெரியும். கீழே ஒரே பாறையின் அடுத்தடுத்த பகுதிகளில் சிவனுக்கும் திருமாலுக்கும் குடைவரைகள். பள்ளிகொண்ட பெருமாளைச் சுற்றி, ஆதிசேடன் கக்கும் தீ நாக்குகளைக் கண்டு ஓடும் மது கைடபரைத் தவறவிடக் கூடாது. இரு கோயிலாருக்கும் இடையே எழுந்த வழக்கைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் போசள (ஹொய்சள) அரசின் தளபதி ஒருவர் தீர்த்து வைத்ததும் கல்வெட்டிலேயே பதிவாகியிருக்கிறது. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊர் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மழை பெய்தால், அல்லது விருந்தினர் வயதில் மூத்தவரானால், திருக்கோகர்ணத்து அருங்காட்சியகம் இருக்கிறது. 1910இல் தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம் தொடங்கியது. அங்கே எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். அம்மன் காசை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் விஜய என்ற சொல். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு வழங்கப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு செப்புக் காசு, தொண்டைமான் அரசு தனக்கென நாணயம் வைத்திருந்ததன் சான்று. பக்கத்திலேயே அம்பாளின் கோயில். இரவு முட்டை மாஸும் பரோட்டாவும் கிடைக்கும் கடை எது என்பதில் இந்த அவையில் கருத்து வேறுபாடு எழும். ஆகவே அதற்குள் நான் போகவில்லை.

ஆவுடையார்கோயிலை ஏன் சொல்லவில்லை என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. மறந்துவிடவில்லை, ஐயா. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறையை, கொடுங்கைகள் என்னும் அந்த வளைந்த கூரை விளிம்புகளின் கல்வேலையை, வேறோர் ஊருக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் போகும்படி யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்கென்றே மறுமுறை வரட்டும்.

விடைபெறும் நாளில் விருந்தினர் மதுரைக்குப் போகிறவரானால், கொடும்பாளூர் வழியாக அனுப்புங்கள். அவ்வூரை ஆண்ட இருக்குவேள் மரபின் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுத்த மூன்று விமானங்களில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் புல்வெளியில் கிடக்கிறது. அளவில் சிறியவை, அரை மணி நேரம் போதும். பிறகு விராலிமலைக்கு அழைத்து வாருங்கள், ஐந்து கிலோமீட்டர்தான். மயில் அகவுவது கேட்டால் கேட்கட்டும். மறையவர் சொன்ன மூன்று வழிகளில் எதில் போவது என்ற கவலை இன்று அவருக்கு இல்லை, நெடுஞ்சாலை ஒன்றே. எல்லாப் பேருந்தும் அங்கே நிற்காது என்பதால், நிற்கும் வண்டியாகப் பார்த்து, சன்னலோர இருக்கையில் ஏற்றிவிட்டு வாருங்கள்.