அம்மாவுக்குப் போன் பண்ணுவதைக் குறைக்காதீர்கள் | செக்யூரிட்டி கிளியரன்ஸும் ஊரில் இருக்கும் சொந்தங்களும்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நாலு வருடம் ஆகிறதாம். பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, அதற்கு செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது அரசு ரகசியங்களைப் பார்ப்பதற்கான அனுமதி, வேண்டும். "அண்ணா, ஊரில் இருக்கும் அம்மாவிடம் மாதம் ஒருமுறைதான் பேசுகிறேன். இது போதுமா, இன்னும் குறைக்கணுமா?" என்று கேட்கிறார். படித்ததும் மனசே சரியில்லை. அதனால்தான் இந்த வீடியோ.

குறைத்துப் பலன் இல்லை தம்பி. கிளியரன்ஸை எடைபோட மொத்தம் 13 வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. இப்போதுள்ள வடிவம் 2017 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதில் 'கைட்லைன் பி'தான் வெளிநாட்டுச் செல்வாக்கு பற்றியது. எப்போதாவது பேசும் மேலோட்டமான பழக்கம் என்றால் கவலை குறையும் என்று அதில் ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டுதான் பலர் வீட்டுக்குப் பேசுவதையே நிறுத்துகிறார்கள். ஆனால் பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் என்றால் பாசம் இருக்கும் என்றே கிளியரன்ஸைப் பரிசீலிக்கும் அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள். மாமனார், மாமியார் விஷயத்திலும் துணையின் பாசத்தைக் கணக்கில் வைப்பார்கள்.

அவர்களுடைய கேள்வியே வேறு. அம்மாவைக் காட்டி யாராவது உங்களை மிரட்டிக் காரியம் சாதிக்க முடியுமா? அம்மா இருக்கும் நாடு அமெரிக்க ரகசியங்களைக் குறிவைக்கும் நாடா? சொந்தக்காரர் என்ன வேலை செய்கிறார்? ஓய்வுபெற்ற ஆசிரியை வேறு, அந்த நாட்டு ராணுவத்திலோ உளவுத்துறையிலோ இருக்கும் அண்ணன் வேறு. தராசின் இன்னொரு தட்டில் இங்கே நீங்கள் ஊன்றிய வேர் இருக்கிறது: எத்தனை வருடம், வீடு, பிள்ளைகள், சேமிப்பு. ஊரில் நிலமோ வங்கிக் கணக்கோ இருந்தால் அதையும் இங்குள்ள சொத்தோடு ஒப்பிடுவார்கள்.

சரி, படிவத்துக்கு வருவோம். கிளியரன்ஸுக்காக நீங்கள் நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்தின் பெயர் எஸ்எஃப்-86. பிரிவு 18-ல் பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய சொந்தக்காரர்கள். பிரிவு 19-ல் கடந்த 7 ஆண்டுகளில் நெருக்கமாக இருந்த மற்ற வெளிநாட்டவர்கள். பாசமாகப் பேசும் சித்தப்பா இங்கேதான் வருவார். பிரிவு 20-ல் வெளிநாட்டுச் சொத்து, பயணம், அங்கே அனுப்பிய பணம்.

தயவுசெய்து யாரையும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் அம்மா இருப்பதை விளக்கலாம். வேண்டுமென்றே மறைத்தால் அது நேர்மை பற்றிய 'கைட்லைன் ஈ'க்குப் போய்விடும். தெரிந்தே பொய் எழுதுவது கூட்டாட்சிக் குற்றம், 5 ஆண்டு வரை சிறை.

சந்தேகம் தீராவிட்டால் காரணங்களை எழுதி ஒரு கடிதம் அனுப்புவார்கள். ஒப்பந்த ஊழியர் என்றால் பதில் தர 20 நாள். நிர்வாக நீதிபதி முன் விசாரணையும் கேட்கலாம். கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. சந்தேகம் மிச்சமிருந்தால் முடிவு நாட்டுப் பாதுகாப்பின் பக்கம்தான் போகும். அதனால் அந்தப் பதிலை ஒரு வக்கீலோடு உட்கார்ந்து எழுதுங்கள்.

தம்பி, இன்றைக்கே அம்மாவுக்குப் போன் போடுங்கள். அவர் பிறந்த தேதி, முகவரி, அண்ணன் வேலை பார்க்கும் இடம், எல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் அத்தனையும் கேட்பார்கள். அப்படியே கொஞ்ச நேரம் பேசிவிட்டு வையுங்கள்.