உப்பு பார்த்துச் சொல்லு

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் அம்மாயிக்கு, அம்மாவைப் பெற்றவருக்கு, வானொலியில் ரொம்பப் பிடித்தது மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள், மெய்யாகத்தான். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், ஆணியில் தொங்கிய ரேடியோவில் "அன்னாரின் அன்பு மனைவியும்" என்று குரல் எழும்பியதும், வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அதே இழுவையில் கூடவே சொல்லிக்கொண்டு போவார். பெயரை மட்டும் மாற்றிவிடுவார். எதிரே உயிரோடு உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் பெயரைப் போட்டு, "கடைக்காரருக்குப் பத்து ரூபாய் பாக்கி வைத்துக் காலமானார்" என்று முடிப்பார். தாத்தா சுருட்டை வீசி எறிய எழும்புவார். அடுத்த வீட்டுக் காம்பரா வரைக்கும் சிரிப்புக் கேட்கும்.

பன்னிரண்டு நாளைக்கு முன் அம்மாயியின் பெயரே அப்படி வாசிக்கப்பட்டது. பக்கத்தில் இருந்து கூடவே சொல்ல ஆள் இல்லை.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பணிய லயத்தில், அதாவது கீழே இருக்கிற தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, அதே லயத்தில் முடிந்த வாழ்க்கை. 10 அடிக்கு 12 அடிக் காம்பரா ஒன்று, முன்னால் இஸ்தோப்பு. நாற்பது வருடத்துக்கு மேல் தலையில் கொழுந்துக் கூடை. அவரைக் கொடையாளி என்று சொன்னால், கொடுக்க என்ன இருந்தது என்று கேட்பீர்கள். நான் சொல்ல வந்தது அவர் கொடுத்த விதத்தை. வாங்குகிறவருக்குத் தான் வாங்கியது தெரியக்கூடாது. அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்.

1973, 74 பஞ்சத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். தோட்டத்துக்கு வருகிற அரிசியும் கோதுமை மாவும் சுருங்கி, மரவள்ளிக் கிழங்குக்கே அலைந்த காலம். தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. எனக்கு இது அம்மா சொன்ன கதை. பக்கத்துக் காம்பராவில் ஐந்து பிள்ளைகள், தகப்பன் இல்லை. தாய் மானஸ்தி, யாரிடமும் கை நீட்ட மாட்டார். அம்மாயி நாலு ரொட்டி சுட்டால் இரண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு போவாராம்.

"ஏம் புள்ள, எனக்கு நாக்கு செத்துப்போச்சு. உப்பு இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு."

பிள்ளைகள் ஐந்தும் உப்பு பார்க்கும். தட்டுக் காலியாகும்.

"இருக்குக்கா."

"சரியாப் பாத்தீங்களா? எதுக்கும் நாளைக்கும் கொண்டாறேன்."

மாதக்கணக்கில் அந்த நாக்குக்கு உணர்ச்சி திரும்பவில்லை.

கொழுந்து பறிக்கிற மலையிலும் இதே வேலைதான். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி நேட்டு, அதாவது அன்றைக்குப் பறிக்கவேண்டிய அளவு, எடுக்க முடியாமல் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழப்போகிறது என்று தெரிந்தால், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு இறங்குகிற வழியில், "எங்கூடை கனக்குதுடி, ரெண்டு கை நீ சொம" என்று தன் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டுவிடுவார்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில், இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள் அல்லவா, அந்தக் கணக்கில் ஒரு தலை அம்மாயியின் அண்ணன். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி கிளம்பப் போகிறது. ஆளுக்கு ஆள் கட்டிப்பிடித்துக் கதறுகிறார்கள். அம்மாயி தனக்குக் கலியாணச் சீராக வந்த பித்தளைக் குடத்தை அண்ணி கையில் திணித்து, "இதுல ஓட்ட இருக்கு அண்ணி. இங்க அடைக்க ஆளில்ல. அங்க அடைச்சு அனுப்புங்க" என்றாராம். குடத்தில் ஓட்டை இல்லை. அண்ணிக்கும் அது தெரியும். கூடலூரிலிருந்து வந்த கடிதங்களில் எல்லாம் கடைசி வரி ஒன்றுதான்: ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

மாசியில், மன்மதன் ரதி கதையை ஆடுகிற காமன் கூத்துக்குக் காமன் ஊன்றிவிட்டால் அவர் கால் தரையில் நிற்காது. ரதி வேஷம் கட்டுகிற ஆம்பிளைக்குச் சேலை அம்மாயியின் டிரங்குப் பெட்டியிலிருந்துதான் போகவேண்டும். அதுவும் அவருடைய கூறைச்சேலை. மன்மதன் எரிந்து, ரதி தரையில் விழுந்து புலம்ப, கூத்து நடக்கிற காமன் பொட்டலே மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கும்போது முன்னாலிருந்து அம்மாயியின் குரல் வரும்: "அழுடி, நல்லா அழு. எஞ்சேலையில மட்டும் மூக்கத் தொடச்சிராத." ரதிக்கே சிரிப்பு வந்துவிடும். ஒரு வருடம் கூத்து வாத்தியார் கோபித்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். அது அம்மாயி பக்கம் பிழைதான். நான் அவருக்காகப் பேச மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தத் தாராளக் கைக்கு வீட்டில் விலை கொடுத்தவர்கள் உண்டு. தீபாவளி முற்பணம் வாங்கின அன்றைக்கே பாதி லயத்தில் கரைந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு தீபாவளிக்கு என் அம்மாவுக்குப் பழைய சட்டை. அம்மா இப்போதும் அதைச் சொல்வார். சிரிக்காமல்தான் சொல்வார்.

சாவு வீட்டுக்கு நரைத்த தலையோடு ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். யார் என்று எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "உப்பு பார்த்த பையன்" என்றார். அம்மா எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூறைச்சேலையை அம்மாயி மேல் போர்த்திவிடலாம் என்று பெண்கள் சொன்னார்கள். தப்பு அடிக்கிறவர்கள் பக்கத்தில் நின்ற கூத்து வாத்தியார், அன்று கோபித்துக்கொண்டு போனாரே, அவரேதான், "அப்போ ரதிக்கு?" என்று கேட்டார். சேலை திரும்பப் பெட்டிக்குள் போய்விட்டது.

தன்னுடைய மரண அறிவித்தலை அம்மாயி எப்போதோ எனக்குச் சொல்லி எழுத வைத்திருந்தார். அதில் ஒரு வரிக்கு வீட்டுப் பெரியவர்களே சம்மதிக்கவில்லை. பிரேதம் கிடக்கிற வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கலாமா என்றார்கள். நான் எழுதித்தான் அனுப்பினேன். அறிவித்தல் வாசிக்கிற இடத்தில், அந்த வரி வழக்கத்தில் இல்லை என்று வெட்டிவிட்டார்கள். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அன்றைக்கு எங்கள் அடுப்பு எரியும். இன்றைக்கு ஒலிவாங்கி என் முன்னால் இருப்பதால் அந்த வரியை வாசித்துவிட்டு எழும்புகிறேன்:

"வர்ற ஆளுங்க எல்லாரும் சாப்புட்டுட்டுத்தான் அழணும். வெறும் வயித்துல ஒப்பாரி சுருதி சேராது."

வணக்கம்.